அந்தப் பக்கம்

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள பேக்கிங் பெண்களில் யாருக்கு விருப்பம் என்று கிடங்கு மேனேஜர் ஸ்ரீதேவி மேடம் கேட்டதும் முதலில் சிரித்தவன் ஜான்சன்தான். காலைக் கூட்டம் அது. ஷிப்ட் தொடங்கும் முன் கிடங்கின் ஷட்டர் அருகே எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். ஒரு பக்கம் காக்கி பேண்ட் போட்ட ஆண்கள், எதிர்ப்பக்கம் சுடிதார்மேல் நீலக் கோட்டு மாட்டிய பெண்கள். மேடம் சொன்ன வண்டி ஃபோர்க்லிஃப்ட். சாமான் அடுக்கிய மரப்பலகையைத் தன் இரண்டு இரும்புக் கைகளை நீட்டித் தூக்கிக்கொண்டு போய் உயரத்தில் வைக்கும் வண்டி. புதிதாக பேட்டரி வண்டிகள் வரப்போகின்றன, ஓட்ட ஆள் வேண்டும், வெளியில் தேடுவதற்கு முன் உள்ளே இருக்கும் பெண்களைக் கேட்கச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள் என்றார் மேடம். ஜான்சன் சிரித்ததும் ஆண்கள் வரிசை மொத்தமும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எதிர்வரிசையின் நடுவில் ஒரு கை உயர்ந்தது. மணிக்கட்டில் பழுப்பு டேப்பின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்த கை. அது அவன் மனைவி சிநேகாவின் கை.

பக்கத்தில் நின்ற வாசுதேவன் முழங்கையால் இடித்தான். அவனும் ஆபரேட்டர்தான். "மச்சான், உன் வூட்டுக்காரம்மாடா" என்றான் மெதுவாக. ஜான்சனுக்குச் சிரிப்பை எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியவில்லை. வாய் கொஞ்ச நேரம் அப்படியே விரிந்திருந்தது. சிநேகா அவனைப் பார்க்கவில்லை. மேடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு மூன்று கைகள் பாதி உயரத்துக்கு எழுந்தன.

ஜான்சனின் அப்பா மோசஸ் வல்லத்தைச் சுற்றி அடுத்தவர் வயல்களில் நாற்றுக்கட்டு சுமந்தவர். நிலத்துக்காரர் வீட்டுப் பொடியன்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். ஜான்சன் பத்தாவதோடு நின்று, மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றும் ஆளாகச் சேர்ந்து, சாப்பாட்டு நேரத்தில் ஓட்டுநர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கொடுத்து இந்த வண்டியைப் பழகினான். திருக்கழுக்குன்றம் சாலையில் இந்த டைல்ஸ் கிடங்கு திறந்தபோது ஆபரேட்டர் என்றே எடுத்தார்கள். அவன் குடும்பத்தில் செய்யும் வேலைக்கு ஒரு பேர் வந்தது அதுதான் முதல் தடவை. தெருவில் "ஆபரேட்டர் வூடு எது?" என்று கேட்டால் அவன் வீட்டைக் காட்டுவார்கள். கிடங்கில் ஆபரேட்டர்கள் எல்லாம் நிரந்தரம், பேக்கிங் பெண்கள் எல்லாம் கான்ட்ராக்ட். ஆபரேட்டர் உட்கார்ந்து வேலை செய்வான், பேக்கிங் பெண் விடிந்ததிலிருந்து நின்றுகொண்டே இருப்பாள். அவனே சொல்லித்தான் சிநேகா அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையில் படுத்திருப்பாள். கெண்டைக்காலில் பச்சை நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். மகள் எப்சிபா அந்த முடிச்சுகளை விரலால் அமுக்கி விளையாடுவாள்.

ஆனால் சிநேகாவுக்கு அந்த வண்டியைப் பழக்கியதே ஜான்சன்தான். போன வருஷம் சரக்குக் கணக்கெடுப்புக்காக லாரிகள் வராத நாட்களில், மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் நிழலில் சாய்ந்திருக்கும்போது, விளையாட்டாக "வா, ஏறு" என்று அவளைச் சீட்டில் உட்கார வைத்தான். முதல் நாள் அவள் பயந்து கத்தியதில் எல்லோரும் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. அவள் பின்பக்கமாக அடுக்குகளுக்கு நடுவே வண்டியை எடுத்து வருவதைப் பார்த்து ஜான்சனுக்கே ஆச்சரியமாக இருந்தது. கழுத்தை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, அவசரமே இல்லாமல் ஓட்டினாள். "உன்ன விட எம் பொண்டாட்டி நல்லா ஓட்டுவா" என்று வாசுதேவனிடம் பெருமையாகச் சொன்னதும் உண்டு. விளையாட்டாக இருந்தவரை அதைச் சொல்வதில் அவனுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

கை தூக்கிய அன்று சாயங்காலம் அவன் கேட்டான்: "தூக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த கேக்கத் தோணலியா?"

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப?"

"வேணாம்னா சொல்லப் போறேன்?"

"அப்ப சரி" என்றாள் சிநேகா. அவள் முகத்தில் உண்மையாகவே ஒரு நிம்மதி தெரிந்தது. "நான்கூட நீ கோச்சிக்குவியோன்னு பயந்துகினே வந்தேன் மாமா. நீ சொல்லிக் குடுத்ததுதானே. நல்லா வந்தா உனக்குத்தானே பேரு."

ஜான்சன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

அடுத்த வாரங்களில் கிடங்கில் வேறு பேச்சே இல்லை. வாசுதேவன் தினமும் ஒன்று கண்டுபிடித்தான். ஒருநாள் பேக்கிங் மேசையிலிருந்து ஒரு நீலக் கோட்டை எடுத்து வந்து ஜான்சனின் தோளில் போட்டு அளவு பார்த்தான். இன்னொரு நாள், "அண்ணாத்த, உங்க வண்டிக்கு நீங்களா டிரைவரு, இல்ல அவங்களா?" என்று கேண்டீனில் எல்லோர் முன்னாலும் கேட்டான். ஜான்சனும் சிரிப்பான். சிரிக்காவிட்டால் இன்னும் அதிகமாகும் என்று அவனுக்குத் தெரியும். கை தூக்கிய மற்றப் பெண்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். ஒருத்தியின் புருஷன் கேட்டுக்கே வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனான். பேக்கிங்கில் எல்லோருக்கும் மூத்தவளான ஞானம்பாள் மட்டும், "சினேகா மொதல்ல பாஸ் பண்ணட்டும். அவ வழி தொறந்தா நாங்க பின்னாலயே வந்துருவோம்" என்றாள். அதனால் அவள் ஒருத்தியின் தேர்வு, அந்த மேசையில் நின்றுகொண்டிருந்த எல்லோருடைய தேர்வாகவும் ஆகிவிட்டது.

சூப்பர்வைசர் பன்னீர்செல்வத்துக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. மேடத்துக்கு எதிரில் தலையாட்டுவார். மேடம் போனதும் டீ டம்ளரோடு ஜான்சன் பக்கத்தில் வந்து நிற்பார். "அவங்களுக்கு இன்னாப்பா, அணுபுரத்துல குவார்ட்டர்ஸு, வூட்டுக்காரரு சென்ட்ரல் கவர்மென்ட்டு. ஏசி கார்ல வந்து சொல்லிட்டுப் போயிடுவாங்க. நாளைக்கு ஒரு பொம்பள லோட கவுத்தா பேஜாரு யாருக்கு? எனக்கு." ஒரு மிடறு குடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "ஒரே ஒரு தபா கவுந்துச்சின்னு வையி, அத்தோட இந்தப் பேச்சே இருக்காது" என்றார். அவர் அதைத் தன்னிடம் எதற்காகச் சொல்கிறார் என்று ஜான்சன் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதே அவனுக்கு வசதியாக இருந்தது.

தேர்வு நாளன்று மழைக்கு முந்தைய புழுக்கம். தகரக் கூரைக்குக் கீழே காற்றே இல்லை. ஸ்ரீதேவி மேடம் தலையில் மஞ்சள் தொப்பியோடு வந்திருந்தார். அடுக்குகளுக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் போட்டு வழி குறித்திருந்தார்கள். காலிப் பலகையைத் தூக்குவது, கோட்டைத் தொடாமல் திரும்புவது, பின்னால் வருவது எல்லாவற்றையும் சிநேகா ஒரு தவறும் இல்லாமல் செய்தாள். பேக்கிங் பெண்கள் வேலையை விட்டுவிட்டுத் தூணோரமாக வந்து நின்றிருந்தார்கள். கடைசியில் ஒரு முழு லோடு. டைல்ஸ் பெட்டிகள் அடுக்கிய பலகையைச் சுவரோரத்திலிருந்து எடுத்து, மேல் அடுக்கில் வைக்க வேண்டும். லோடைச் சரிபார்ப்பதும், வண்டியில் இருப்பவருக்குத் தெரியாத அந்தப் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்வதும் ஒரு ஆளின் வேலை. பன்னீர்செல்வம் அதற்கு ஜான்சனை நிறுத்தினார். "நீயே நில்லுப்பா. வூட்டுக்காரரு பக்கத்துல இருந்தா தைரியமா இருப்பாங்கல்ல?" என்றார் மேடத்துக்குக் கேட்கும்படி.

ஜான்சன் சுவருக்கும் லோடுக்கும் நடுவே போய் நின்றான். குனிந்து பார்த்தான். அது பழக்கம், யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பலகையின் அந்தப் பக்கத்து ஓரச்சட்டம், ஆணி அடித்த இடத்திலிருந்து நீளமாக விரிந்திருந்தது. வெடிப்புக்குள் வெளிறிய மரம் தெரிந்தது. இப்படி ஒரு பலகையைப் பார்த்தால் எந்த நாளும் அவன் செய்வது ஒன்றுதான். கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லிவிட்டு லோடை வேறு பலகைக்கு மாற்றுவான். கை எழவில்லை. அந்த நேரத்தில் அவன் எதையும் முடிவு செய்யவில்லை. பிறகு எத்தனையோ தடவை யோசித்தும், தான் முடிவு செய்த ஒரு கணத்தை அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. தூணோரத்தில் வாசுதேவன் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. விரிசல் சின்னதுதான், தாங்கினாலும் தாங்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. தாங்காவிட்டால் என்ற நினைப்பு வந்தபோது அதைத் துரத்த அவன் அவசரப்படவில்லை.

சிநேகா வண்டியை எதிரில் கொண்டுவந்து நிறுத்தினாள். இரும்புக் கைகளைப் பலகைக்குள் நுழைத்தாள். பெட்டிகளின் தலைக்கு மேலாகக் கழுத்தை எட்டி அவனைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்திருந்தது.

"அந்தப் பக்கம் சரியா கீதா?"

ஜான்சன் தலையாட்டினான்.

அவள் லேசாகச் சிரித்தாள். நன்றி சொல்வதுபோல் இருந்தது அது. லோடைத் தூக்கும் கம்பியை இழுத்தாள். லோடு எழுந்தது. தோள் உயரம் வரை நேராக எழுந்தது. அதற்குப் பிறகு மரம் முறியும் சத்தம் கேட்டது, ஒற்றைப் பட்டாசு வெடிப்பதுபோலச் சின்னச் சத்தம். பெட்டிகள் ஒரு பக்கமாகச் சரிந்து, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு தரையில் கொட்டின. ஜான்சன் சுவரோடு ஒட்டி விலகிக்கொண்டான். கிடங்கு முழுக்க டைல்ஸ் உடையும் சத்தம் ஓய வெகுநேரம் ஆனது. சிநேகா வண்டியை உடனே அணைத்துவிட்டாள். அதுதான் செய்ய வேண்டியது. அதை மறக்கவில்லை. ஆனால் அவள் சீட்டை விட்டு இறங்கவே இல்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளைத் தூசு மேலே எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கும் அடி படலையே?" என்றுதான் ஸ்ரீதேவி மேடம் முதலில் கேட்டார். பிறகு, "பரவாயில்ல சிநேகா, இறங்குங்க. முதல் தடவைன்னா யாருக்கும் இப்படி ஆகும்" என்றார். அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது. பலகை விழுந்ததில் நொறுங்கியதாகவே எல்லோரும் நினைத்தார்கள். பெட்டிகளுக்கு அடியில் அது துண்டு துண்டாகக் கிடந்தது. வாசுதேவன் சிரிக்கவில்லை. அவன் வந்து ஜான்சனின் தோளில் கை வைத்து, "வுடு மச்சான்" என்று ஆறுதல் சொன்னான். அந்த ஆறுதலைத்தான் ஜான்சனால் தாங்க முடியவில்லை. பேக்கிங் பெண்கள் துடைப்பங்களை எடுத்துக்கொண்டு வந்து பெருக்க ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லாமலே வந்தார்கள். சிநேகாவும் இறங்கி ஒரு துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் இருவரும் பைக்கில் வீடு திரும்பினார்கள். எப்சிபா வாசலில் காத்திருந்தாள். "அம்மா பாஸா?" என்று கேட்டாள். சிநேகா அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சாப்பிட்டு முடித்து ஜான்சன் கை கழுவப் போனபோது பின்னாலேயே வந்து நின்றாள்.

"மன்னிச்சுக்க மாமா."

"எதுக்கு?"

"எல்லாருக்கும் முன்னாடி உன் மானத்த வாங்கிட்டேன். நீ எவ்ளோ பொறுமையா சொல்லிக் குடுத்த. நான் எதையோ தப்பா இழுத்துட்டேன் போல. எது தப்புன்னே தெரியல எனக்கு." அவள் அழவில்லை. அது உண்மையிலேயே புரியாத ஒருத்தியின் குரல். "கம்பிய வேகமா இழுத்துட்டேனா? நீ பாத்துகினுதானே இருந்த, சொல்லு."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஜான்சன் கழுவிய கையையே மறுபடி மறுபடி கழுவினான். "தெரியல" என்றான். "எனக்கும் சரியாத் தெரியல."

தலைமை அலுவலகத்திலிருந்து வெளியாட்களை எடுக்கச் சொல்லிவிட்டார்கள், பெண்கள் விஷயத்தை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள் என்று மேடம் காலைக் கூட்டத்தில் சொன்னார். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. பேக்கிங் மேசையில் சிநேகாவை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நிற்கும் பெண்கள் டேப் உருளையை அவளிடம் நீட்டும்போது முன்போல் எதுவும் பேசுவதில்லை என்று ஜான்சன் வண்டியில் கடந்து போகும்போது கவனித்தான். அவள் தலையைக் குனிந்தே பெட்டிகளை ஒட்டினாள். அவன் வண்டி பக்கத்தில் வந்தால் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். சீட்டில் உட்கார்ந்திருப்பது அவனுக்கே கூசியது. ஒருநாள் தாங்காமல் பன்னீர்செல்வத்திடம் போனான். பின்வாசலில் உடைந்த பலகைகள் குவித்திருந்த இடத்தில் அவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னிக்கி அந்தப் பலக..."

"தெரியும்" என்றார் அவர்.

ஜான்சன் குவிந்து கிடந்த பலகைகளைப் பார்த்தான்.

"காலைல லோடு அடுக்க சொல்லோவே பாத்தேன். நீ மாத்துவியான்னுதான் பாத்துகினு இருந்தேன். மாத்தல." அவர் பீடியைக் காலில் போட்டு நசுக்கினார். கோபமோ குத்தலோ அவர் முகத்தில் இல்லை. வீட்டு மனிதரிடம் பேசுவதுபோல அன்பாகத்தான் பேசினார். "வுடுப்பா. நீயும் பாத்த, நானும் பாத்தேன். நம்மளுக்குள்ள போவட்டும். வூட்ல நிம்மதியா இரு."

தன்னை ஒருவர் இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இப்போது அவன் அந்த மனிதரோடு ஒரே பக்கத்தில் நின்றிருந்தான். மத்தியானச் சோற்றை அவன் திறக்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடப்பாக்கத்தில் சிநேகாவின் அக்கா வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம். எப்சிபாவை முந்தின நாளே அவள் தாய்மாமன் வந்து கூட்டிக்கொண்டு போயிருந்தார். இவர்கள் இருவரும் பைக்கில் புறப்பட்டார்கள். அணுபுரத்தைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி, பாலாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது கடல்காற்று பக்கவாட்டில் வந்து மோதியது. சிநேகா அவன் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள். "அந்தப் பலக உடஞ்சிருந்தது எனக்குத் தெரியும்" என்று ஜான்சன் வாய்விட்டுச் சொன்னான். காற்று அதைக் கொண்டுபோனது. "இன்னா?" என்றாள் அவள், அவன் தோள்மேல் காதைச் சாய்த்து. "ஒண்ணுமில்ல" என்றான். காற்றில் சொன்னால் கேட்காது என்று தெரிந்துதான் சொன்னோம் என்பது அவனுக்கு உடனே புரிந்தது. அதற்கும் சேர்த்துக் கூனிக் குறுகி ஓட்டினான்.

சர்ச் முடிந்து, சாப்பாடு முடிந்து, உறவுக்காரர்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். சிநேகாவின் அக்கா புருஷன் ஜெபகுமார் யார் சொல்லியோ கேள்விப்பட்டிருந்தார். "இன்னாம்மா சினேகா, மொத்த டைல்ஸையும் கவுத்துட்டியாமே? நல்லவேள, ஜான்சன் எதிர்லயே நின்னுகினு இருந்தாரு, அவரு தலைல வுழல" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். சிநேகாவும் சிரித்தாள். தன்னைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கும்போது கூடவே சிரிக்க அவள் எப்போது கற்றுக்கொண்டாள் என்று ஜான்சன் நினைத்தான். கேண்டீனில் தான் சிரித்த அதே சிரிப்பு. அவன் எழுந்து சவுக்குத் தோப்பு வழியாகக் கடற்கரைக்கு நடந்தான். கொஞ்ச நேரத்தில் சிநேகா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். வெயில் சுட்டெரித்தது. தூரத்தில் ஆலம்பரைக் கோட்டையின் சுவர்கள் செங்கல் பிதுங்கி நின்றன. கரையேற்றி வைத்த படகுகளின் நிழலில் யாரோ வலை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"சோறு சரியா சாப்டல நீ. ஒடம்புக்கு முடியலியா?"

அவன் நின்றான். இந்த முறை அவள் முகத்தைப் பார்த்தே சொன்னான். விரிசல் எப்படி இருந்தது, எவ்வளவு நீளம், அவள் கேட்டபோது அது தனக்கு நன்றாகத் தெரியும், எல்லாவற்றையும் சொன்னான். ஏன் என்று மட்டும் சொல்ல வரவில்லை. "அவனுங்க பேசுனது..." என்று தொடங்கி, அது தன் காதிலேயே அசிங்கமாக விழுந்து நிறுத்திக்கொண்டான்.

சிநேகா கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் கேட்டேனே" என்றாள். "அந்தப் பக்கம் சரியா கீதான்னு கேட்டேனே மாமா. நீ தலைய ஆட்டுனியே."

"ஆமா."

"எனக்குத்தான் வரலன்னு நெனச்சேன். பாப்பா கேட்டப்ப இன்னா சொன்னேன் தெரியுமா? இதெல்லாம் அப்பாவுக்குத்தான் வரும்டி, அம்மாவுக்கு வராது, பொம்பளைங்களுக்கு வராதுன்னு சொன்னேன். நான் பெத்த பொண்ணுகிட்ட என் வாயாலயே சொன்னேன்." அவள் கையிலிருந்த செருப்பைப் பக்கத்தில் வைத்தாள். "அந்தப் பெட்டிங்க என் மேல சாஞ்சிருந்தா?"

அதை அவன் நினைக்கவே இல்லை. பயந்து ஒதுக்கிய நினைப்பு அல்ல அது, வரவே இல்லாத நினைப்பு. லோடு விழுவதைப் பற்றி அந்தக் கணத்தில் நினைத்தவன், அதற்கு எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்பதை நினைக்கவில்லை. அவன் முகத்திலிருந்தே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. அவள் எழுந்து சேலையிலிருந்து மணலைத் தட்டினாள்.

"என்கிட்ட தனியா சொல்லி இன்னா பிரயோஜனம்? எல்லாரும் பாக்கத்தானே வுழுந்துச்சி. எல்லார் முன்னாடியும் சொல்லு."

திரும்பும்போது அவள் பைக்கில் ஏறவில்லை. எப்சிபாவோடு பஸ்ஸில் வருகிறேன் என்றுவிட்டாள்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில், மேடம் பேசி முடித்த பிறகு ஜான்சன் வரிசையை விட்டு ஒரு அடி முன்னால் வந்தான். "அன்னிக்கி லோடு வுழுந்தது சினேகா மேல தப்பு இல்ல மேடம். பலக முன்னாடியே வெடிச்சிருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் சரியா கீதுன்னு தலையாட்டுனேன்." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பன்னீர்செல்வத்தின் பேரை அவன் எடுக்கவில்லை. எடுத்தால் தன் பங்கு குறைந்துவிடும்போல் தோன்றியது. பன்னீர்செல்வம் ஷட்டரின் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆண்கள் வரிசையில் ஒருவர்கூட அசையவில்லை. எதிர்வரிசையிலிருந்து ஞானம்பாள்தான் பேசினாள். அவள் சத்தம் போடவில்லை.

"கட்டுனவனே அந்தாண்ட நின்னுகினு இத்த செஞ்சா, நாங்கல்லாம் யார நம்பி ஏறுறது ஜான்சன்?"

ஸ்ரீதேவி மேடம் ஜான்சனுக்கு எதிரில் வந்து நின்றார். பிறகு, "நீங்க செஞ்சது என்னன்னு உங்களுக்குத் தெரியுதா? அந்தப் பொண்ணுக்கு உயிர் போயிருக்கலாம்" என்றார். பெண்கள் வரிசைப் பக்கம் திரும்பினார். "நானும் குனிஞ்சு பார்த்திருக்கணும். பொம்பளைங்கன்னா இப்படித்தான்னு ரிப்போர்ட்ல எழுதலையே தவிர, அப்படி நினைச்சுட்டுதான் நானும் வீட்டுக்குப் போனேன்." விசாரணை முடியும்வரை அவன் வேலைக்கு வர வேண்டாம் என்றார். சிநேகாவுக்கு மறுபடி தேர்வு நடத்தத் தலைமை அலுவலகத்தில் தானே பேசுவதாகச் சொன்னார். சிநேகா வரிசையில் நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்: "அவரு உள்ள இருக்கக் கூடாது மேடம். இருந்தா நான் ஏற மாட்டேன்."

அவன் தொப்பியையும் அடையாள அட்டையையும் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தான். மானம் போவது என்றால் அதோடு முடிந்துவிடும், ஒரு பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தான். அப்படி எதுவும் நடக்கவில்லை. வீட்டில் சிநேகா தேவையானதை மட்டும் பேசினாள். அவனுக்கும் சேர்த்தே சோறு வைத்தாள். எப்சிபாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருவது, துணி அலசிக் காயப்போடுவது எல்லாம் இப்போது அவன் வேலை. ஒருநாள் எப்சிபா, "அம்மாவுக்கு வருமாம்பா, அம்மாவே சொல்லுச்சு" என்றாள். "வரும்" என்றான் ஜான்சன். குழந்தை அவன் முகத்தையே பார்த்தாள். அவளிடம் எந்த அளவு சொல்லப்பட்டிருக்கிறது என்று கேட்க அவனுக்குத் துணிச்சல் இல்லை.

மறுதேர்வு என்றைக்கு என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சிநேகா விடியலில் தலைக்குக் குளித்து, கம்பெனி வேன் வருவதற்கு வெகுநேரம் முன்பே வாசலில் நின்றதைப் பார்த்துத் தெரிந்துகொண்டான். வேன் போன பிறகு, பைக்கை எடுத்தால் தெரிந்துவிடும் என்று, நடந்தும் ஷேர் ஆட்டோ பிடித்தும் கிடங்குக்கு வந்து, எதிர்ப்பக்கத்து டீக்கடைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தான். இந்த முறை தேர்வு உள்ளே இல்லை, கேட்டை அடுத்த முற்றத்தில். பெரிய இரும்புக் கேட்டைச் சாத்தியிருந்தார்கள். காவலுக்கு நின்ற தாவீது சாலையைக் கடந்து டீ வாங்க வந்தார்.

"இன்னா அண்ணாத்த, இங்க ஒக்காந்துகினு கீற? யாரயானா கூப்புடணுமா?"

"இல்லண்ணே. சும்மாத்தான்."

தாவீது அதற்கு மேல் கேட்கவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு போய், பக்கக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்து சாத்திக்கொண்டார். உள்ளே வண்டி நகரும் சத்தம் கேட்டது. பின்னால் வரும்போது எழும் கூவல் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. புது பேட்டரி வண்டி, பழையதைப்போல் உறுமாது, எங்கே இருக்கிறது என்று காதால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜான்சன் குனிந்தான். கேட்டுக்கும் தரைக்கும் நடுவே கையளவு இடைவெளி இருந்தது. அதில் பேக்கிங் பெண்களின் கால்கள் வரிசையாகத் தெரிந்தன. ரப்பர் செருப்புகள், தேய்ந்த குதிகால்கள், ஒரு கொலுசு, ஒருத்தியின் கணுக்காலில் சுற்றிய கட்டு. எல்லாம் ஒரே திசையில் திரும்பி அசையாமல் நின்றன. கூவல் முழுவதுமாக நின்றுபோனது. லாரி ஒன்று சாலையில் கடந்து போய் மறைந்தது. உள்ளே ஒரு பேச்சும் இல்லை. பிறகு, மேலே ஏறும் எதையோ பார்ப்பதற்காக, அந்தக் குதிகால்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையை விட்டு எழும்பின.